டர்ட் பைக் எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்லோவில் நிற்கவில்லை: மலையக ஓட்டுநர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிக்கை எத்தனை முறை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதும், ஒருவழியாக ஸ்டார்ட் ஆனபின் எக்சலேட்டரை விட்டவுடன் அணைந்துபோவதும் இருவேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும், இரண்டும் சேர்ந்து வரும்போது பெரும்பாலும் அவற்றின் காரணம் ஒன்றாகவே இருக்கும். ஸ்டார்ட் ஆகும் தருணத்திலும் ஸ்லோ ஓட்டத்திலும் (எக்சலேட்டரைத் தொடாமல் எஞ்சின் தானாக ஓடும் நிலை) எக்சலேட்டர் ஏறத்தாழ மூடியே இருப்பதால், காபரேட்டரின் மெயின் ஜெட் (எக்சலேட்டரைத் திறந்து ஓட்டும்போது பெற்றோல் தரும் பெரிய துளை) அந்த நேரத்தில் எதையும் கொடுப்பதில்லை. எஞ்சினுக்குத் தேவையான பெற்றோல் முழுவதும் பைலட் ஜெட் என்ற சிறு துளை வழியாகவும், குளிரில் கலவையைச் செறிவாக்கும் சொக் வழியாகவுமே வரவேண்டும். 40 என்று எண் பொறித்த ஒரு பைலட் ஜெட்டின் துளை சுமார் 0.4 மில்லிமீற்றர்தான். அதில் சிறு பிசின் படிந்தாலும், வேறெங்காவது ஒரு வெடிப்பால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே நுழைந்தாலும், அல்லது வால்வு முழுமையாக மூடாமல் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சற்றுக் கசிந்தாலும், எஞ்சினின் முதல் புகார் இந்த இரண்டு இடங்களில்தான் வெளிப்படும்.

ஆகவே, தோட்டத்து ஏற்றத்தில் இரண்டாம் கியரில் சிரமமின்றி இழுக்கும் வண்டி தேநீர்க் கடை வாசலில் நிறுத்தியவுடன் அணைந்துபோனால், தீப்பொறி தரும் கொயிலையும் அதை இயக்கும் சீடிஐ பெட்டியையும் வாங்கிப் பணத்தை வீணாக்குவதற்கு முன் மூன்று இடங்களைச் சந்தேகிக்க வேண்டும்: பைலட் வழி, காற்றுக் கசிவு, வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையே இருக்கவேண்டிய சிறு இடம்). இந்த வழிகாட்டியின் சாரமும் அதுவே. இலங்கையின் மலையகத்தில் ஓடும் ஹொண்டா எக்ஸ்ஆர் 250, யமஹா செரோ 225, சுசுகி ஜெபல், கவசாகி கேஎல்எக்ஸ் போன்ற, காபரேட்டர் பொருத்திய ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை மனதில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது. இவற்றில் பல ஜப்பானில் ஓடித் தேய்ந்த பின்னரே இங்கு வந்தவை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் அவற்றையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டவேண்டிய நிலை ஏற்பட்டதால், ரப்பர் பாகங்களும் வால்வுகளும் முதுமையடைந்திருப்பதை வியப்பாகக் கொள்ளக்கூடாது.

உயரத்தின் மீது பழி போடலாமா?

வண்டி அடம்பிடித்தால் மலையகத்தில் உடனே கேட்கும் விளக்கம் "இது உயரமான இடம், காற்று குறைவு" என்பதாகும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், வெப்பநிலை வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அங்குள்ள காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக இருக்கும். ஆனால் காற்று மெலியும்போது ஜெட்டிலிருந்து உறிஞ்சப்படும் பெற்றோலும் ஓரளவு குறைவதால், கலவையில் பெற்றோலின் பங்கு கூடுவது சுமார் 8 சதவீதம் மட்டுமே. ஹட்டன், பண்டாரவளை போன்ற இடங்களில் அது இன்னும் குறைவு. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் இந்த வேறுபாட்டைச் சற்றே கரும்புகையுடனும் சோம்பலுடனும் தாங்கிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகவே மறுக்காது.

எனவே கேட்கவேண்டிய கேள்வி எளிமையானது. நீர்கொழும்பிலோ கம்பஹாவிலோ வாங்கிய வண்டியை லிந்துலைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை இருக்கிறதா, அல்லது இங்கேயே பல மாதங்கள் நன்றாக ஓடிய வண்டி அண்மையில்தான் கெட்டதா? முன்னதாயின் ஜெட் அளவைப் பற்றி யோசிக்கலாம். பின்னதாயின் மலையின் உயரம் கூடியிருக்க வாய்ப்பில்லை. வண்டியில்தான் ஏதோ மாறியிருக்கிறது.

படி 1: ஸ்பேனரை எடுக்குமுன் வண்டியைக் கேளுங்கள்

நல்ல கராஜ்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேள்விகள் கேட்பார். அவற்றுள் மிகப் பயனுள்ளது சொக் பற்றியது. எஞ்சின் சூடான பிறகும் சொக்கை இழுத்து வைத்தால் மட்டுமே நிற்கிறது, தள்ளினால் அணைகிறது என்றால், கலவையில் பெற்றோல் போதவில்லை: பைலட் ஜெட் அடைபட்டிருக்கலாம் அல்லது எங்கோ காற்றுக் கசியலாம். எக்சலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும், ஸ்லோ உடனே இறங்காமல் உயர்வாகவே சிறிது நேரம் தொங்கி நிற்பதும் அதே பக்கத்தையே காட்டும்.

இதற்கு மாறாக, குளிரில் சொக் இல்லாமலே ஸ்டார்ட் ஆகி, சூடானபின் எக்சலேட்டரை முழுவதும் திறந்து உதைத்தால்தான் உயிர்பெறும் வண்டியில் பெற்றோல் மிகுந்திருக்கிறது. பிளக் கரிபிடித்து, சைலன்சரில் எரியாத பெற்றோலின் மணம் வீசும். காற்று வடிகட்டி அடைப்பு, சொக் முழுமையாக மூடாமை, காபரேட்டர் கிண்ணத்துக்குள் பெற்றோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசியின் தேய்மானம், உயரத்துக்குப் பொருந்தாத ஜெட் ஆகியவை இங்கே சந்தேகத்துக்குரியவை.

மூன்றாவது வகை தந்திரமானது. குளிரில் ஓரளவு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சூடானபின் நிறுத்தினால் பதினைந்து இருபது நிமிடம் ஆறவிட்டால்தான் மீண்டும் இயங்கும். தள்ளிச் சென்று கியரைப் போட்டால் மட்டும் பிடித்துக்கொள்ளும். இதற்கு வால்வு இடைவெளி இறுகிப்போனதோ, சூட்டில் செயலிழக்கும் பிக்அப் கொயிலோ (தீப்பொறிக்கு நேரம் சொல்லும் உணரி) காரணமாகலாம். உங்கள் வண்டி எந்த வகை என்பதை எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். கீழே வரும் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்யவேண்டுமேயன்றி, ஒரே மாலையில் ஐந்து பாகங்களை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது கடைசிவரை தெரியாது.

படி 2: பெற்றோல்

மிதவைக் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தி, அதிலிருந்து வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் சிறிது நேரத்தில் அடியில் தனிப் படலமாகத் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் விடாது பெய்யும் மழையில் திறந்த வெளியில் நிறுத்தும் வண்டிகளில் டாங்கி மூடியின் ரப்பர் வழியாக நீர் இறங்குவது சாதாரணம். பெற்றோல் நிறம் கறுத்து வார்னிஷ் மணம் வீசினால் அது பழுதடைந்தது. டாங்கியையே வெறுமையாக்கிப் புதிதாக நிரப்ப வேண்டும். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது பல மாதங்கள் நின்றுபோன வண்டிகள் சிலவற்றின் காபரேட்டரில் அப்போது உறைந்த பிசின், திறந்து கழுவப்படாதவரை இன்றும் அங்கேயே இருக்கும்.

அடுத்து, டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிப் பெற்றோல் டெப்பைத் திறந்தால் பெற்றோல் தடையின்றி ஓடவேண்டும். முதலில் ஓடிப் பின்னர் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது. காபரேட்டரிலிருந்து கீழே தொங்கும் காற்றோட்டக் குழாய்களின் நுனியையும் பாருங்கள். சேற்றால் மட்டுமன்றி, நிறுத்திவைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டுவதாலும் அவை அடைபடும். இவ்வளவு அற்பமான காரணத்துக்காக முழு காபரேட்டரும் கழற்றப்படுவது உண்டு.

படி 3: காற்று வரும் வழி

தோட்டத்துப் பாதைகளில் வறண்ட மாதங்களில் எழும் செம்மண் தூசி, பஞ்சு வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அதை மண்ணெண்ணெயிலும் பின்னர் சவர்க்கார நீரிலும் கழுவி, நன்கு உலர்த்தி, வடிகட்டிக்குரிய எண்ணெயைப் பூசிப் பிழிந்து மாட்டவேண்டும். பெற்றோலில் கழுவினால் பஞ்சின் ஒட்டு கழன்றுவிடும். தீ அபாயமும் உண்டு.

இதைவிட முக்கியமானது காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் தடித்த ரப்பர். இருபது வருடப் பழைய வண்டியில் அது காய்ந்து, வளையும் இடத்தின் அடிப்பக்கத்தில் மயிரிழை போல வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. காபரேட்டரைக் கையால் அசைத்துக்கொண்டே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, அந்த ரப்பரைச் சுற்றி ஒரு ஸ்ப்ரே போத்தலால் சவர்க்கார நீரைத் தெளித்தால், வெடிப்பு இருக்குமிடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு ஓட்டத்தின் சத்தம் மாறும். காபரேட்டர் கிளீனரைத் தெளித்தும் இதைச் சோதிப்பார்கள். சூடான சைலன்சருக்கு அருகில் அது தீப்பற்றக்கூடும் என்பதால் நீரே போதுமானது. வெடித்த ரப்பருக்குப் பசை பூசுவது இரண்டு வாரத் தீர்வு மட்டுமே. புதியது கிடைக்காவிட்டால் கிளிப்பையாவது மாற்றி, அமரும் முகத்திலுள்ள ஓரிங்கைப் புதிதாக இடுங்கள்.

படி 4: பிளக்

பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். உலர்ந்த கரி, பெற்றோல் மிகுதியைக் காட்டும். வெளிறிய வெண்மை, பெற்றோல் குறைவையோ காற்றுக் கசிவையோ காட்டும். பல உதைகளுக்குப் பின்னும் முற்றிலும் உலர்ந்திருந்தால் பெற்றோலே வரவில்லை. புதிய பிளக்கின் விலை குறைவென்பதால், இந்தக் கட்டத்தில் கையேடு சொல்லும் அதே எண்ணுடைய புதியதைப் போட்டுவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். தீப்பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோகப் பகுதியைச் சிலிண்டரின் உலோகத்தில் அழுத்தி வைத்து, பிளக் துளையிலிருந்து தூரமாகப் பிடியுங்கள். துளையிலிருந்து வெளிவரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் தொல்லைக்குப் பிளக் தொப்பி பொதுவான காரணம். பல தொப்பிகளுக்குள் 5 கிலோ ஓம் மின்தடை உண்டு. மல்டிமீற்றரில் அது பல மடங்கு கூடக் காட்டினாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ தொப்பியை மாற்றுங்கள். கொயில் வயரின் முனையைச் சில மில்லிமீற்றர் வெட்டி, பச்சை பிடிக்காத புதுச் செம்பில் தொப்பியைத் திருகினாலே சில வண்டிகள் குணமடையும்.

படி 5: வால்வு இடைவெளி, காபரேட்டருக்கு முன்

இந்த வரிசையைப் பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எனினும் காபரேட்டரை மீண்டும் மீண்டும் கழுவியும் குணமாகாத வண்டிகளில் வால்வு இடைவெளியை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதே பொதுவான கதை. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமிழும்போது இடைவெளி கூடுவதில்லை, குறைகிறது. அதனால் சத்தமும் எழாது. டப்பட் சத்தம் (இடைவெளி கூடும்போது வால்வுப் பக்கம் எழும் தட்டல்) இல்லையே என்று மனநிறைவு கொள்ளும் வண்டியில்தான் வால்வு முழுமையாக மூடாமல் கம்பிரஷன் கசிந்துகொண்டிருக்கும். வேகமாகச் சுழலும்போது அந்தக் கசிவுக்கு நேரமில்லை. கிக் வேகத்திலும் ஸ்லோவிலும் தாராளமாக நேரமுண்டு. மேலே சொன்ன மூன்றாவது வகைக்கு, அதாவது சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு, இதுவே முதற் சந்தேகம்.

எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கவேண்டும். முதல்நாள் இரவு நிறுத்தியதைக் காலையில் அளப்பதே நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டு, இடப்பக்க மூடியிலுள்ள இரு சிறு மூடிகளையும் வால்வு மூடிகளையும் திறவுங்கள். ஃப்ளைவீலை அது வழமையாகச் சுழலும் திசையில் ஸ்பேனரால் மெதுவாகச் சுழற்றி, டி என்ற ஆங்கில எழுத்துக் குறி ஜன்னலின் கோட்டுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். அந்நிலையில் இரு வால்வுகளின் ராக்கர்களிலும் சிறு அசைவு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் புகைவெளியேற்றும் சுற்றின் முடிவில் இருக்கிறது, இன்னொரு முழுச் சுற்றுச் சுழற்றவேண்டும். காற்றால் குளிரும் 250 சிசி வண்டிகளில் இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மில்லிமீற்றருக்குள் அமையும். உள்ளிழுக்கும் வால்வுக்குக் குறைவாகவும் புகை வால்வுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவைக் கையேட்டில் பார்த்தே வைக்கவேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இலேசான பிடிப்புடன் வழுக்கவேண்டும். பூட்டு நட்டை இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளவெடுங்கள், ஏனெனில் இறுக்கும்போது திருகாணி சிறிது சுழலும்.

உதைப்பதை எளிதாக்கப் புகை வால்வைச் சற்றே திறக்கும், கிக்கோடு இணைந்த டிகம்பிரஷன் கேபிள் உள்ள பழைய எக்ஸ்ஆர் வகைகளில், அந்தக் கேபிள் அளவுக்கு மீறி இறுகி இருந்தால் புகை வால்வை அது நிரந்தரமாகத் திறந்தே பிடித்திருக்கும். வால்வைச் சரிசெய்தபின் கேபிளின் தளர்வையும் பார்க்க மறக்காதீர்கள். ஓட்டப் போட்டிக்கென வடிவமைத்த, ஷிம் (இடைவெளியை அமைக்கும் சிறு தகடு) வைத்த எஞ்சின்களில் வால்வு அடிக்கடி இறுகினால், ஷிம்மைத் தொடர்ந்து மெலிதாக்குவதில் பயனில்லை. வால்வையும் இருக்கையையும் புதுப்பிக்கவேண்டும்.

கம்பிரஷன் கேஜ் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கேஜின் எண் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது. கையேட்டில் 1,200 கிலோபாஸ்கல் என்றிருந்தால், நுவரெலியாவில் அதே ஆரோக்கியமான எஞ்சின் 970 அளவில்தான் காட்டும். அதைக் கண்டு பிஸ்டன் ரிங் மாற்றக் கிளம்பவேண்டாம். எண் அதைவிடவும் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளவெடுங்கள். கூடினால் ரிங் தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் வால்வு கசிகிறது.

படி 6: காபரேட்டரைக் கழுவுதல்

பெற்றோலை அடைத்து, காபரேட்டரைக் கழற்றித் தட்டொன்றின் மேல் வேலை செய்யுங்கள். ஜப்பானியத் திருகாணிகளின் தலை சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்கு முழுமையாகப் பொருந்தாது. ஜிஸ் வகைத் திருப்புளி இல்லையென்றால், நன்கு பொருந்தும் முனையை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும். ஸ்லோ ஓட்டத்தில் பெற்றோல்-காற்று விகிதத்தை அமைக்கும் கலவைத் திருகாணியைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எழுதிவையுங்கள். பிறகு வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், சிறு வாஷர், மிகச் சிறிய ஓரிங் ஆகிய மூன்றும் வருகின்றனவா என்று பாருங்கள். ஓரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் கிளீனரை அடித்து அழித்துவிடுவீர்கள்.

பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமான, தெளிவான ஒளிப்புள்ளி தெரியவேண்டும். மங்கலாகவோ பிறை வடிவிலோ தெரிந்தால் அடைப்பு உண்டு. ஊசியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, மின்வயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையை நுழைக்கலாம். ஜெட் சுத்தமானால் போதாது: அது கொடுக்கும் பெற்றோல் செல்லும் வழியும், எக்சலேட்டர் தட்டின் அருகே திறக்கும் மிக நுண்ணிய துளைகளும் திறந்திருக்கவேண்டும். டயர் கடையின் காற்றுக் குழாயால் ஒவ்வொரு வழியையும் ஊதி, மறுமுனையில் காற்று வருகிறதா என்று விரலால் உணருங்கள். அவ்வாறு ஊதுமுன் மிதவையையும் ரப்பர் டயபிரத்தையும் கழற்றிவிடவேண்டும். குளிரில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் கிண்ணத்தினுள் சொக்குக்கெனத் தனியாக உள்ள சிறு வழியே முக்கியம். கழுவும்போது பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

படி 7: ஸ்லோவை அமைத்தல்

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பின்னரே இதைச் செய்யவேண்டும். முதலில் ஸ்லோ ஸ்குரூவால் ஓட்டத்தை நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றில் நிறுத்துங்கள். அடுத்து கலவைத் திருகாணியைக் கால் சுற்றாக உள்ளே திருகி, ஓட்டம் தடுமாறும் இடத்தைக் கவனியுங்கள்; பின்னர் வெளியே திருகி மறுபக்கத்தில் தடுமாறும் இடத்தைக் கண்டுகொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் ஓட்டம் மிக உயர்ந்தும் சீராகவும் இருக்குமிடமே சரியானது. அதன்பின் கூடிய வேகத்தை ஸ்லோ ஸ்குரூவால் குறையுங்கள்.

அந்தத் திருகாணி எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருகினால் பெற்றோல் கூடும். வடிகட்டிப் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருகினால் பெற்றோலின் பங்கு குறையும். எஞ்சின் பக்கத் திருகாணி ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திறந்திருக்கும்போதே ஓட்டம் சிறப்பாக இருந்தால் பைலட் ஜெட் இவ்வுயரத்துக்குப் பெரிது. ஓர் அளவு சிறியதை இடலாம். மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால்தான் நிற்கிறதென்றால், மேட்டு நிலத்தில் அது இயல்புக்கு மாறானது என்பதால், ஜெட்டைப் பெரிதாக்குமுன் 3 ஆம் படிக்குத் திரும்பி ரப்பரை மீண்டும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும், அம்பேவெல, பட்டிபொலப் பக்கம் விடியற்காலைப் பனிமூட்டத்தில் சீராக ஓட்டிவந்த பின் மட்டும் ஸ்லோ இறங்கி அணைந்து, பத்து நிமிடம் நின்றால் தானாகச் சரியாகும் வண்டி ஒன்று இருந்தால், அது காபரேட்டருக்குள் பனி உறைவதாக இருக்கலாம். பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் வெகுவாகக் குறைவதால், ஈரக்காற்று அங்கே உறைகிறது. எஞ்சினின் சூடு பரவியதும் உருகுகிறது. இதற்குப் பாகம் எதுவும் மாற்றத் தேவையில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியானால் வால்வுக்குப் பதிலாக கலவை உள்ளே வரும் வழியிலுள்ள ரீட் இதழ்களின் விளிம்பையும், கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள சீல்களையும் சோதிக்கவேண்டும். ஃப்ளைவீல் பக்கச் சீல் கசிந்தால் கலவை மெலியும்; கிளச் பக்கச் சீல் கசிந்தால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை வரும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் த்ரொட்டில் வாயின் கரியையும் பற்றரி அழுத்தத்தையும் பார்த்தபின், மற்றவற்றை ஸ்கேனர் உள்ள இடத்தில் விடுவதே நல்லது.

ஜெட்டை மாற்றியவர்கள் பழையதை அதன் எண்ணை எழுதிய சிறு பையில் இட்டு, வண்டியின் சாமான் பையிலேயே வைத்திருக்கவேண்டும். நுவரெலியாவுக்கென மெலிதாக்கிய கலவையுடன் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ இறங்கினால், தாழ்நில வெப்பத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒருநாள் பயணமானால் கலவைத் திருகாணியை அரைச் சுற்றுச் செறிவான பக்கம் திருப்பினால் ஸ்லோ ஓட்டத்துக்குப் போதும். மெயின் ஜெட்டையும் சிறிதாக்கியிருந்தால், இறங்கும் முன்னரே பழையதை மாட்டிவிடுங்கள்.